‘மூலம்’ என்னும் பெயரும் மலக்குடல் புற்றுநோயும்: திருவண்ணாமலைச் சூழலில் விழிப்புணர்வும் முன்பரிசோதனையும்

ஆய்வுச்சுருக்கம்

மலத்தோடு இரத்தம் போதல் என்னும் அறிகுறியைத் தமிழ்ச் சமூகம் ‘மூலம்’ என்ற ஒரே பெயரால் அறிந்து வந்துள்ளது. அப்பெயர் நோயாளருக்கு ஆறுதல் தருகிறது. அதுவே மலக்குடல் புற்று காலத்தில் அறியப்படாமைக்கு ஒரு காரணமாகவும் அமைகிறது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் பற்றிய விழிப்புணர்வு மேலைநாடுகளில் அறிகுறியற்றோருக்கான முன்பரிசோதனையை மையமாகக் கொண்டு வளர்ந்தது. திருவண்ணாமலை போன்ற ஒரு மாவட்டத்தில் அது அறிகுறியின் பெயரிலிருந்தும், எளிய உடற்பரிசோதனையிலிருந்தும் தொடங்க வேண்டும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மலக்குடல் புற்று, மூலநோய், முன்பரிசோதனை, விரற்சோதனை, இரத்தச்சோகை, திருவண்ணாமலை.

முன்னுரை

தமிழகத்தின் புற்றுநோய் மருத்துவ வரலாறு, பிழையாக அறியப்பட்ட ஒரு மலக்குடல் புற்றிலிருந்து தொடங்குகிறது எனலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1920களில் இந்நோயால் இறந்தார். தொடக்கத்தில் அது சீதபேதி என்றே கருதப்பட்டது. உண்மை தெரிந்தபோது செய்வதற்கு அதிகம் இருக்கவில்லை. மருத்துவரான தமக்கையின் கண்ணெதிரே நிகழ்ந்த அந்த இறப்பே, சென்னை அடையாற்றில் 1952இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1954இல் 12 படுக்கைகளுடன் இயங்கத் தொடங்கிய புற்றுநோய் நிலையத்துக்கு வித்தாக அமைந்தது.

நூறாண்டு கழிந்த பின்னும் இந்நோய் பிறிதொரு பெயரில் மறைந்து வாழ்வது நிற்கவில்லை. அன்று சீதபேதி, இன்று பெரும்பாலும் மூலம். மருத்துவர் குடும்பத்திலேயே நேர்ந்த ஒன்று, கலசப்பாக்கத்திலோ செங்கத்திலோ வாழும் ஓர் உழவர் குடும்பத்தில் நேர்வதில் வியப்பில்லை. ஆனால் இன்று அதைத் தவிர்க்கும் வழிகள் கைக்கெட்டும் தொலைவில் உள்ளன என்பதே வேறுபாடு.

நோயின் இயல்பு

பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் நீளமுடையது. அதன் இறுதி 15 செ.மீ. அளவிலான பகுதியே மலக்குடல். இவற்றின் உட்சவ்வில் தோன்றும் ‘பாலிப்’ என்னும் சிறு தசைமுளைகளுள் சில, படிப்படியான மரபணு மாற்றங்களால் புற்றாக மாறுகின்றன. எல்லா முளையும் புற்றாவதில்லை. புற்றாகும் முளைக்கும் பொதுவாகப் பத்தாண்டளவு காலம் தேவைப்படுகிறது. இந்த நீண்ட இடைவெளிதான் இந்நோயைப் பிற புற்றுகள் பலவற்றிலிருந்து வேறுபடுத்துகிறது. முளை நிலையிலேயே அதை அகற்றிவிட்டால் புற்று தோன்றாமலே தடுக்க இயலும். நோயை விரைந்து கண்டறிவதைக் காட்டிலும் இது ஒருபடி மேலானது.

உலகளவில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 19 இலட்சம் பேருக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. ஏறத்தாழ 9 இலட்சம் பேர் இறந்தனர். இந்தியாவில் அவ்வாண்டுக்கான மதிப்பீடு சுமார் 70,000 புதிய நோயாளர். மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இது மேலைநாடுகளைவிட மிகக் குறைவு. எனினும் சென்னையின் புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கம் முதல் திரட்டிவரும் தரவுகளில் இந்நோயின் வீதம் ஏறுமுகமாகவே உள்ளது.

எண்ணிக்கை குறைவு என்பதைக் கொண்டு அமைதி கொள்ள இயலாமைக்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது வயது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 800 நோயாளரை ஆராய்ந்து 2017இல் வெளிவந்த கட்டுரையில் சராசரி வயது 47 என்று காணப்படுகிறது. மேலைநாடுகளில் இந்நோயாளருள் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். ஒரு பெரிய மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தோரின் வயதை நாட்டு மக்கள் அனைவரின் நிலையாகக் கொள்ளலாகாது. இந்திய மக்கள்தொகையே இளையது என்பதையும் கருத வேண்டும். அவ்வாறு கழித்துப் பார்த்த பின்னும், “இந்த வயதில் புற்று வராது” என்னும் நம்பிக்கைக்கு இத்தரவுகள் இடம் தரவில்லை. இரண்டாவது இடம். இந்திய நோயாளரிடம் மலக்குடலில் தோன்றும் புற்றின் பங்கு மிகுதி. அவற்றுள் கணிசமானவை ஆசனவாயிலிருந்து 7, 8 செ.மீ. தொலைவுக்குள், அதாவது மருத்துவரின் சுட்டுவிரல் எட்டும் இடத்தில் உள்ளன. இச்செய்தியின் முக்கியத்துவம் பின்னர் விளங்கும்.

‘மூலம்’ என்னும் சொல்லின் பரப்பு

சித்த மருத்துவ நூலான யூகி வைத்திய சிந்தாமணி மூலநோயை 21 வகையாகப் பகுக்கிறது. இரத்த மூலம், சீழ் மூலம், முளை மூலம், பௌத்திர மூலம் எனத் தொடரும் அப்பெயர்களை நோக்கினால், இன்றைய மருத்துவம் தனித்தனி நோய்களாகக் கருதும் பலவும் அவற்றுள் அடங்கியிருப்பது புலனாகும். உட்புறத்தைக் காணும் கருவிகள் இல்லாத காலத்தில் அறிகுறியைக் கொண்டு பெயரிடுவதே இயல்பு. அக்காலத்து மருத்துவர் மூலம் என்று சொன்னபோது, அதனுள் எளிதில் தீர்வதும் தீராததும் உண்டு என்பதை அறிந்தே சொன்னார். நூலின் பகுப்பு அதற்குச் சான்று.

மக்கள் வழக்கில் நிகழ்ந்தது வேறு. 21 வகைகளும் மறைந்து ஒரு சொல் மட்டும் எஞ்சியது. அச்சொல் இன்று குறிப்பது ‘தொல்லை தரும், ஆனால் உயிர் கொல்லாத’ ஒரு நோயை. காரணமாகச் சொல்லப்படுவது உடம்புச் சூடு. மோர் குடித்தல், சின்ன வெங்காயம், துத்தி இலை, கருணைக்கிழங்கு, காரத்தைக் குறைத்தல் ஆகியன வீட்டு வைத்தியம். இவற்றுள் எதுவும் தீங்கானதன்று. சில மலச்சிக்கலைக் குறைத்து உண்மையான மூலநோய்க்குப் பயன்படவும் கூடும். சிக்கல் எங்கே எழுகிறது எனில், இரத்தம் சில வாரங்கள் நின்றுவிடும்போது “மருந்து கேட்டது” என்று முடிவு செய்யப்படுவதில்தான். மலக்குடல் புற்றிலிருந்து கசியும் இரத்தமும் இடைவிட்டே வரும். நின்றது என்பதனால் அது மூலமே என்று மெய்ப்பிக்கப்படுவதில்லை. மூலநோய் உடைய ஒருவருக்கே புற்றும் இருக்கலாம் என்பது இன்னும் குறைவாக அறியப்பட்ட செய்தி.

வட தமிழகச் சிற்றூர்ச் சுவர்களில் ‘மூலம், பௌத்திரம், அறுவை இன்றி’ என்னும் விளம்பரங்களைக் காணாதவர் இலர். பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில்கூட அவை ஒட்டப்பட்டிருக்கும். விழிப்புணர்வுப் பணியாளர் கற்றுக்கொள்ளத்தக்க ஒன்று இவற்றில் உண்டு: செய்தி, தேவைப்படுபவர் தனியே இருக்கும் இடத்தில், அவர் பயன்படுத்தும் சொல்லிலேயே அவரைச் சென்றடைகிறது. அரசின் சுவரொட்டிகளோ பெரும்பாலும் மருத்துவமனைக்குள் ஒட்டப்படுகின்றன. அங்கு வந்துவிட்டவருக்கு அவற்றின் தேவை குறைவு.

சொல்லுக்குக் கூச்சமும் துணை நிற்கிறது. ‘மலம்’ என்பது எழுத்து வழக்கு. பேச்சில் ‘வெளிக்குப் போதல்’, ‘கொல்லைக்குப் போதல்’ என்னும் இடக்கரடக்கல்களே உள்ளன. இடக்கரடக்கல் பண்பாட்டுக்கு அழகுதான். ஆனால் அதில் நிறத்தையோ அளவையோ இரத்தத்தையோ விளக்கிச் சொல்ல இடமில்லை. குறிப்பாகப் பெண்கள் இதனை ஆண் மருத்துவரிடம் சொல்வதில்லை, மகனிடமும் சொல்வதில்லை. இரத்தப்போக்கை மாதவிலக்கோடு தொடர்புபடுத்திக் கொள்வதும் உண்டு.

திருவண்ணாமலையின் நிலை

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி திருவண்ணாமலை மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 24.65 இலட்சம், பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்வோர். 2013இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்படும் வரை, நுண்மருத்துவம் தேவைப்பட்டோர் வேலூருக்கோ புதுச்சேரிக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டியிருந்தது. இன்றும் புற்றுநோய் என்று ஐயம் எழுந்தால் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரைப்பேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை ஆகியவற்றின் பெயர்களே முதலில் நினைவுக்கு வருகின்றன. ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ப் பகுதியினருக்கு மாவட்டத் தலைநகரமே ஒரு நாள் பயணம். ஒரு நாள் கூலி இழப்பு.

கோயில் நகரம் என்பதால் விழிப்புணர்வுப் பணிக்கு இங்கு வாய்ப்பு மிகுதி என்று கருதுவோர் உண்டு. முழுநிலா நாள்களில் 14 கி.மீ. கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கின்றனர். கார்த்திகைத் தீபத்தின்போது மருத்துவ முகாம்களும் அமைக்கப்படுகின்றன. ஆனால் திரளும் கூட்டம் வேறு, மாவட்டத்தின் மக்கள் வேறு. வலம் வருவோரில் பெரும்பகுதியினர் பிற மாவட்டத்தினர், ஆந்திரர், கன்னடர். விடியலில் பேருந்தேறிச் சென்றுவிடுபவர்கள். அவர்களுக்குத் துண்டறிக்கை தரலாம். தொடர்ந்து கவனிக்க இயலாது. இந்நோயைப் பொறுத்தவரை தொடர்ச்சியற்ற சோதனை பயன் தராது. எனவே கிரிவலப் பாதையைக் காட்டிலும் உழவர் சந்தை, நியாயவிலைக் கடை, நூறு நாள் வேலைத் தளம் ஆகியனவே இதற்கு ஏற்ற இடங்கள் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

நகரின் சமய இயல்போடு தொடர்புடைய பிறிதொரு நம்பிக்கையையும் சுட்ட வேண்டும். சைவ உணவினர்க்குக் குடற்புற்று வராது என்பர். பதப்படுத்திய இறைச்சி இப்புற்றை உண்டாக்குவது என்று உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் வகைப்படுத்தியது உண்மை. செவ்விறைச்சி ‘உண்டாக்கக்கூடும்’ என்னும் அடுத்த நிலையில் வைக்கப்பட்டது. ஆனால் இறைச்சி உண்ணாமை இடரைக் குறைக்குமேயன்றி நீக்காது. உடல் உழைப்பின்மை, உடற்பருமன், மது, புகையிலை, நார்ச்சத்துக் குறைந்த தீட்டிய அரிசி ஆகியன சைவரையும் விடுவதில்லை. ஜவ்வாது மலையில் இன்றும் விளையும் சாமை, சமவெளியில் கேழ்வரகைப் போலவே அன்றாட உணவிலிருந்து விலகிச் சிறப்புக் கடைப் பொருளாகிவிட்டது.

முன்பரிசோதனை: முறைகளும் சான்றுகளும்

முன்பரிசோதனை என்பது அறிகுறி ஏதுமற்றோரிடம் நோயைத் தேடுவது. அறிகுறியோடு வருபவருக்குச் செய்யப்படுவது நோயறி சோதனை. இவ்விரண்டையும் கலந்து பேசுவதாலேயே பல விழிப்புணர்வுக் கட்டுரைகள் குழப்பம் தருகின்றன. இரத்தப்போக்கு உள்ளவர் முன்பரிசோதனைக்கு உரியவர் அல்லர். அவர் நேரடியாக ஆராயப்பட வேண்டியவர்.

மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைத் தேடுவது பழைய முறை. குவாயாக்கம் என்னும் மரத்தின் பிசினைக் கொண்டு செய்யப்பட்ட சோதனையில், உண்ட இறைச்சியின் குருதியும் சில காய்கறிகளும்கூடப் பொய்யான முடிவு தரும். ஆயினும் அமெரிக்காவின் மினசோட்டாவில் 46,551 பேரைக் கொண்டு நடத்தப்பெற்று 1993இல் முடிவு வெளியான ஆய்வில், ஆண்டுதோறும் இச்சோதனை செய்துகொண்ட பிரிவினரிடம் இந்நோயால் நேரும் இறப்பு 33 விழுக்காடு குறைந்தது. இன்று அதன் இடத்தை ‘ஃபிட்’ எனப்படும் நோயெதிர்ப்பு வேதிச் சோதனை பிடித்துள்ளது. இது மனித ஈமோகுளோபினை மட்டும் இனங்காணும். உணவுக் கட்டுப்பாடு தேவையில்லை. வீட்டிலேயே ஒரு குச்சியால் மாதிரி எடுத்துத் தரலாம்.

கொலனோஸ்கோபி எனப்படும் குடல் அகநோக்கல் முளைகளைக் கண்டு அப்போதே அகற்றவும் வல்லது. ஆனால் குடலைத் தூய்மை செய்யும் மருந்து, பயிற்சி பெற்ற மருத்துவர், ஒரு நாள் ஓய்வு ஆகியவற்றை வேண்டுவது. போலந்து, நார்வே, சுவீடன் நாடுகளில் நடந்து 2022இல் வெளியான ஆய்வில், இதற்கு அழைக்கப்பட்டோரிடம் பத்தாண்டில் நோய் தோன்றும் இடர் 18 விழுக்காடு குறைந்தது. அழைக்கப்பட்டோருள் ஏறத்தாழ 42 விழுக்காட்டினரே சோதனைக்கு வந்தனர் என்பதை உடன் வைத்தே இவ்வெண்ணைப் படிக்க வேண்டும். வசதி மிக்க நாடுகளிலும் பாதிக்கு மேற்பட்டோர் வரவில்லை.

இந்தியாவில் 2016இல் வகுக்கப்பட்ட நெறிமுறைகள் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுகளுக்கே 30 முதல் 65 வயது வரையிலானோரிடம் முன்பரிசோதனையைப் பரிந்துரைத்தன. 2023இல் தமிழக அரசு அண்டை மாவட்டங்களான இராணிப்பேட்டை, திருப்பத்தூர் உள்ளிட்ட நான்கு மாவட்டங்களில் தொடங்கிய திட்டமும் அம்மூன்றையே கொண்டது. பெருங்குடல் புற்று பட்டியலில் இல்லை. இதனைப் புறக்கணிப்பு என்று கண்டிப்பது எளிது. ஆனால் கணக்கிட்டுப் பார்த்தால் அம்முடிவில் நியாயம் இருப்பது தெரியும்.

ஒரு மாவட்டக் கணக்கு

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஐந்தில் ஒருவர் 50 வயது கடந்தவர் என்று கொள்வோம். ஏறத்தாழ 5 இலட்சம் பேர். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஃபிட் சோதனை. பாதிப் பேர் ஒத்துழைக்கின்றனர். அவர்களுள் 5 விழுக்காட்டினருக்கு இரத்தம் தென்படுகிறது எனக் கற்பனையாக வைத்தால், 12,500 பேருக்கு அகநோக்கல் தேவை. ஆண்டுக்கு 6,250, 300 வேலைநாள் என்றால் நாளொன்றுக்கு இருபதுக்கும் மேல். அறிகுறியோடு வருவோர் இதில் அடங்கார். இதற்குரிய மருத்துவரும் கருவியும் இன்றி ஃபிட் சோதனையைப் பரப்பினால், ‘இரத்தம் உண்டு’ என்னும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் காத்திருக்கும் ஆயிரக்கணக்கானோரையே உருவாக்குவோம். அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று இராது என்பது வேறு.

வெப்பமும் ஒரு தடை. மாதிரியில் உள்ள ஈமோகுளோபின் வெப்பத்தால் சிதையும். இத்தாலியின் ஃபுளோரன்சு வட்டாரத் திட்டத்திலேயே கோடைக்காலத்தில் இச்சோதனையின் கண்டறிதிறன் குறைவது 2010இல் பதிவு செய்யப்பட்டது. அக்கினி நட்சத்திரக் காலத்தில் 40 பாகையை எட்டும் வெயிலில், தண்டராம்பட்டிலிருந்து இரு நாள் கழித்து நகரத்துக்கு வரும் மாதிரி எந்நிலையில் இருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

எனினும் முன்பரிசோதனைக்கு இன்றே உரிய ஒரு பிரிவினர் உளர்: இந்நோய் கண்டவரின் உடன்பிறந்தாரும் மக்களும். அவர்கள் 40 வயதிலோ, நோயுற்றவருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்தாண்டு முன்னரோ, எது முந்தியதோ அப்போது அகநோக்கல் செய்துகொள்வது பொதுவான பரிந்துரை. இப்பிரிவினரின் எண்ணிக்கை சிறிது. அவர்களின் பெயரும் முகவரியும் நோயாளரிடமே கிடைக்கும்.

விழிப்புணர்வின் சொற்கள்

அப்படியாயின் பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டியது எது? முன்பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்பதைவிட, மூலம் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள் என்பதே இம்மாவட்டத்துக்குப் பொருந்தும். இரத்தம் போதல், பல வாரங்களாக மலம் கழியும் பழக்கம் மாறுதல், கழித்த பின்னும் முழுதும் போகவில்லை என்ற உணர்வு, காரணமின்றி எடை குறைதல். இவற்றுள் ஒன்று மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் செல்ல வேண்டும், எந்த வயதினராயினும். பெருங்குடலின் வலப்பக்கப் புற்றில் இரத்தம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. சோர்வும் இரத்தச்சோகையுமே அறிகுறி. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ ஆணுக்கோ இரும்புச்சத்துக் குறைவால் இரத்தச்சோகை காணப்பட்டால், மாத்திரை தருவதோடு நிறுத்தாமல் இரத்தம் எங்கே இழக்கப்படுகிறது என்று தேட வேண்டும்.

மருத்துவரிடம் சென்றால் நடக்க வேண்டியது, கையுறையணிந்த விரலால் ஒரு நிமிடத்துக்குள் முடியும் ஆசனவாய்ச் சோதனை. இந்திய நோயாளரிடம் புற்று தாழ்ந்த இடத்திலேயே மிகுதியாகத் தோன்றுவதால், செலவற்ற இச்சோதனைக்கு இங்கு மேலைநாட்டைவிட மதிப்பு அதிகம். கூட்டம் நிறைந்த வெளிநோயாளர் பிரிவில், திரையற்ற அறையில் இது செய்யப்படுவதில்லை, நோயாளரும் கேட்பதில்லை. இயல்பாக இருப்பின் அகநோக்கல் தேவையில்லை என்று பொருளன்று. விரல் எட்டாத நீளமே குடலில் மிகுதி. அரசு மருத்துவமனைகளின் சித்த மருத்துவப் பிரிவுக்கே மூல நோயாளர் பலர் முதலில் செல்வதால், அப்பிரிவு மருத்துவர்களை எதிர்நிலையில் நிறுத்தாமல் இப்பணியில் முதல் இணைவோராகக் கொள்வது தக்கது.

மற்றோர் அச்சத்தையும் பேச வேண்டும். “ஆபரேஷன் செய்தால் வயிற்றில் பை வைத்துவிடுவார்கள்” என்ற சொல் ஊரில் ஒருவரைப் பார்த்தே பரவுகிறது. ஆசனவாயை ஒட்டிய, முற்றிய புற்றுக்கு நிலையான பை தேவைப்படுவது உண்மை. தொடக்க நிலையில் வருவோருள் பலருக்கு ஆசனவாய்த் தசையைக் காத்தே அறுவை செய்ய இயலும். சிலருக்கு வைக்கப்படும் பையும் தற்காலிகமானது. பைக்கு அஞ்சித் தள்ளிப்போடுவதே பையை உறுதிசெய்கிறது. செலவைப் பொறுத்தவரை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்று அறுவையும் கதிர்வீச்சும் அடங்கும். பயணச் செலவும் கூலி இழப்பும் அடங்கா.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடுதோறும் செல்கின்றனர். “வெளிக்குப் போகும்போது ரத்தம் படுதா? எத்தனை நாளா?” என்னும் இரு கேள்விகளை, பெண்களிடம் பெண் பணியாளரே கேட்கும் வகையில், அவ்வருகையில் சேர்க்க இயலும். மருத்துவமனையில் வெளிநோயாளர் சீட்டில் ‘மூலம்’ என்று எழுதப்படும் இடத்தை அடுத்து, விரற்சோதனை செய்யப்பட்டதா, ஈமோகுளோபின் எவ்வளவு என்னும் இரண்டு கட்டங்களை அச்சிடுவதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஒரு திரையும் ஒரு பெட்டிக் கையுறையும் போதும்.